மது ருசிபார்ப்பு விழாவுக்கு இருவராக ஒரு வார இறுதிப் பயணம்: முழுமையான வழிகாட்டி

காய்ச்சி வடித்த மதுவகைகளுக்கான ருசிபார்ப்பு விழாவுக்கு முதன்முறையாகக் கிளம்பும் இணையர் பலரும் ஒரே வரிசையில்தான் திட்டமிடுகிறார்கள்: முதலில் பயணச்சீட்டு, அடுத்து விடுதி, பிறகு விழா நுழைவுச்சீட்டு, கடைசியாக, நேரம் கிடைத்தால், அங்கே எதை ருசிப்பது என்ற யோசனை. இந்த வரிசையில் போனால், விழா முடியும் நேரத்துக்கும் திரும்பும் ரயிலுக்கும் இடையே ஓடுவதிலும், நாக்கு மரத்துப்போன பிறகு நல்ல புட்டியைச் சந்திப்பதிலும் வார இறுதி கழிந்துவிடும்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. இருவர் உடம்பும் எவ்வளவு ஆல்கஹாலைத் தாங்கும் என்ற கணக்கில் தொடங்கி, அதிலிருந்து அமர்வையும் (விழாவின் எந்த நேரப் பிரிவுக்குப் போவது என்பதையும்), அமர்விலிருந்து விடுதியையும், விடுதியிலிருந்து பயணத்தையும் முடிவு செய்கிறோம். பணமும் நேரமும் மிஞ்சியிருக்கும்போதே உடம்பின் அளவு தீர்ந்துவிடும் என்பதுதான் இதற்குக் காரணம்.

1. முதல் வேலை: ஆல்கஹால் கணக்கு

ஒரு மாதிரியில், அதாவது விழாவில் ருசிக்க ஊற்றித் தரும் சிறு அளவு மதுவில், எத்தனை கிராம் ஆல்கஹால் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. மில்லிலிட்டர் அளவை லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி, வரும் தொகையை 0.789 ஆல் பெருக்க வேண்டும்; அது ஆல்கஹாலின் அடர்த்தி. 40 சதவீத மதுவில் 15 மில்லி என்றால் ஏறத்தாழ 4.7 கிராம். பீப்பாயிலிருந்து நீர் கலக்காமல் நிரப்பப்படும் 60 சதவீத விஸ்கியில் அதே 15 மில்லி 7.1 கிராம் ஆகிவிடும். அளவு கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் சுமை ஒன்றரை மடங்கு.

உடம்பு மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். காபியோ, குளிர்ந்த நீரில் குளிப்பதோ, நீண்ட நடையோ இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. எனவே 15 மில்லி அளவுள்ள 45 சதவீத மாதிரிகள் இருபதை ஒருவர் முழுதாகக் குடித்தால் 106 கிராம் சேரும். அது கழிய 10 முதல் 15 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குத் தொடங்கியவருக்கு, மெதுவாகக் கழிக்கும் உடம்பாக இருந்தால், மறுநாள் காலை 9 மணி வரை ரத்தத்தில் ஆல்கஹால் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கான எல்லா முடிவுகளும் இந்த ஒரு எண்ணிலிருந்துதான் வருகின்றன.

இப்போது இருவருக்கான கணக்கு. அதே அளவுள்ள பன்னிரண்டு மாதிரிகளை ஆளுக்கொரு கிளாஸில் தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொருவருக்கும் 64 கிராம். அதே பன்னிரண்டையும் ஒரே கிளாஸில் வாங்கிப் பகிர்ந்தால் ஆளுக்கு 32 கிராம். நான்கு மணி நேர அமர்வில் உடம்பு கழித்துவிடக்கூடிய அளவுக்கு இது ஏறத்தாழச் சமம். இருவராகப் போவதன் பெரிய அனுகூலம் இதுதான். இதைப் பயன்படுத்தாமல் ஆளுக்கொரு கிளாஸோடு தனித்தனியாக நிற்கும் இணையரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பாதிப் பாதியாகப் பகிர்வதால் விளைவும் பாதிப் பாதியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரே எடையுள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டால், பெண்ணின் உடம்பில் நீரின் பங்கு பொதுவாகக் குறைவு. ஆல்கஹால் நீரில்தான் கரைந்து பரவுகிறது என்பதால் அதே அளவு அவருக்குக் கூடுதலாக ஏறும். எடையும் குறைவாக இருந்தால் வேறுபாடு இன்னும் பெரிதாகும். ஆகையால் திட்டத்தை இருவரில் குறைவாகத் தாங்குபவரின் அளவுக்கு வகுக்க வேண்டும்.

தூக்க மருந்து, வலி நிவாரணி, ஒவ்வாமை மருந்து, சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஆகியவற்றை எடுப்பவர்கள் சீட்டு வாங்குவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். கருவுற்றிருப்பவரும் கருவுற முயல்பவரும் ருசிப்பதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகவே அறிவித்தது. இந்த வழிகாட்டி அதை மறைக்கவில்லை. போவதென்று முடிவு செய்தவர்கள் குறைவாகக் குடித்து அதிகமாக ருசிப்பது எப்படி என்பதையே சொல்கிறது.

2. அமர்வைத் தேர்ந்தெடுத்தல்

விழாச் சீட்டுகள் பெரும்பாலும் அமர்வு அமர்வாக விற்கப்படுகின்றன: சனிக்கிழமை பிற்பகல், சனிக்கிழமை மாலை, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்பது வழக்கமான பிரிவு. வார இறுதிப் பயணத்துக்குச் சனிக்கிழமை பிற்பகல் அமர்வே சிறந்தது என்பது என் கருத்து. அன்று மாலையும் இரவும் உடம்புக்குக் கழிக்க நேரம் கிடைக்கிறது. இரவு உணவை அமைதியாக உண்ணலாம். ஞாயிறு முழுதாக மிஞ்சுகிறது.

சனிக்கிழமை மாலை அமர்வில் கூட்டமும் இரைச்சலும் அதிகமாக இருக்கும், மது ஊற்றித் தரும் அரங்குகளில் நிற்பவர்களும் களைத்திருப்பார்கள். ஞாயிறு அமர்வு அமைதியாக இருந்தாலும், சில புட்டிகள் முந்தைய நாளே காலியாகியிருக்கும். அன்றே ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

சீட்டை வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: நுழைவுக் கட்டணத்தில் எல்லா மாதிரிகளும் அடங்குமா, டோக்கன் கொடுத்து வாங்க வேண்டுமா? எல்லாம் அடங்கிய சீட்டில் இருக்கும் ஆபத்து, கொடுத்த பணத்துக்குக் குடித்துத் தீர்க்க வேண்டும் என்ற உந்துதல். புதியவர்கள் தடுக்கி விழும் இடங்களில் இதுவே முதன்மையானது. டோக்கன் முறை இருந்தால் அது தானாகவே ஒரு கடிவாளமாகிறது. இரண்டும் கலந்த முறையும் உண்டு. சாதாரண மாதிரிகள் கட்டணத்துக்குள் வரும், அரிய புட்டிகளுக்கு மட்டும் டோக்கன் கேட்பார்கள்.

மாஸ்டர்கிளாஸ் எனப்படும் வழிநடத்தப்பட்ட ருசிபார்ப்புக்குத் தனிச்சீட்டு தேவைப்படும். இருக்கைகள் குறைவு என்பதால் பொது நுழைவுச்சீட்டைவிட இவை விரைவில் தீரும். இரண்டையும் ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும். மாஸ்டர்கிளாஸிலும் நான்கைந்து மாதிரிகள் மேசையில் வைக்கப்பட்டிருக்கும் என்பதை முதல் படியின் கணக்கில் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு நாளுக்கு ஒரு மாஸ்டர்கிளாஸ் போதும், அதுவும் அமர்வின் தொடக்கத்தில் இருந்தால் நல்லது. மூக்கு புதிதாக இருக்கும்போதுதான் சொல்லிக்கொடுப்பது பதியும்.

இருவரில் ஒருவர் குடிக்காதவர் என்றால், ருசிக்காமல் உள்ளே வருபவர்களுக்கோ வண்டி ஓட்டுபவர்களுக்கோ குறைந்த கட்டணச் சீட்டு இருக்கிறதா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். முகர்வதற்குக் குடிக்க வேண்டியதில்லை. நல்ல மூக்குள்ள, குடிக்காத துணை அமைவது உண்மையில் ஒரு கொடுப்பினை.

3. விடுதியும் பயணமும்

அமர்வு முடிவான பிறகுதான் விடுதி. விழாக் கூடத்திலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவில், அல்லது வண்டி மாறாமல் ஒரே பேருந்திலோ ரயிலிலோ சென்றடையும் இடத்தில் தங்க வேண்டும். அமர்வு முடியும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறுவார்கள், வாடகை வண்டி கிடைப்பது கடினமாகும். அந்த நேரத்தில் புதிய நகரத்தில் இரண்டு இணைப்புகளைக் கண்டுபிடித்து மாறுவது, தெளிவாக இருப்பவருக்கே சிரமம்.

வெள்ளிக்கிழமை இரவே போய்ச் சேர்வதை வலியுறுத்துகிறேன். விடுதிகளில் அறை தருவது பெரும்பாலும் பிற்பகலில்தான். சனிக்கிழமை காலை வந்து இறங்கினால் பையைத் தூக்கிக்கொண்டு, சரியாகத் தூங்காமல், அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு நேராகக் கூடத்துக்குள் நுழைய நேரும். ஞாயிற்றுக்கிழமை தாமதமாக அறையைக் காலி செய்ய முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

திரும்பும் பயணத்தைக் கடைசியாக முடிவு செய்ய வேண்டும். ஞாயிறு நண்பகலுக்குப் பிறகு கிளம்பும் வண்டியாக இருக்கட்டும். சொந்த வாகனத்தில் போவதைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாதென்றால், ஞாயிறு காலை யார் ஓட்டுவது என்பதை வெள்ளிக்கிழமையே தீர்மானித்து, அவர் சனிக்கிழமை விழுங்காமல் ருசிக்க வேண்டும். ரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் அளவு நாட்டுக்கு நாடு மாறுகிறது. சில நாடுகளில் 0.08 சதவீதம், பலவற்றில் 0.05, சிலவற்றில் சுழியம். முந்தின இரவு குடித்தது என்ற விளக்கம் எங்கும் செல்லுபடியாவதில்லை.

4. இரண்டு பட்டியல்கள், ஒரு திட்டம்

பங்கேற்கும் அரங்குகளின் பட்டியல் விழாவுக்கு முன்பே வெளியாகிவிடும். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் படிக்காமல், தனித்தனியாக ஆளுக்கு ஆறு பெயர்களை எழுதுங்கள். ஒன்றாகப் படித்தால் அதிகம் தெரிந்தவரின் விருப்பமே பட்டியலாகிவிடும். மற்றவர் விருந்தாளியைப் போல அவர் பின்னால் நடப்பார். ஒருவருக்கு விஸ்கியின் புகை பிடித்திருக்கலாம், மற்றவர் ஜின்னையும் ரம்மையும் தேடி வந்திருக்கலாம். இரண்டுக்கும் சம இடம் இருந்தால்தான் நான்காவது மணி நேரத்தில் முகம் சுளிக்காமல் இருக்க முடியும்.

பிறகு இரண்டையும் இணைத்து, முதல் படியில் கிடைத்த எண்ணுக்குள் அடங்கும்படி வெட்டுங்கள். இரண்டு இடங்களைக் காலியாக விடுவது அவசியம். கூடத்தில் பெயர் தெரியாத ஒரு சிறு வடிசாலையின் அரங்கு கண்ணில் படும், அங்கே நிற்பவர் ஆர்வமாகப் பேசுவார். அதற்கு இடமில்லை என்றால் திட்டமே எரிச்சலாகிவிடும்.

இன்னொரு ஒப்பந்தத்தையும் இப்போதே செய்துகொள்ளுங்கள்: இருவரில் யார் முதலில் போதும் என்றாலும் இருவரும் நிறுத்த வேண்டும், வாதம் கூடாது. போதையில் முதலில் மங்குவது தீர்ப்புத்திறன். ஆகையால் நிறுத்தும் முடிவைத் தெளிவாக இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

5. கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

வயதுச் சான்றாகப் புகைப்பட அடையாள அட்டை, இருவருக்கும் தனித்தனியாக. நரைத்த தலையைப் பார்த்தும் அட்டை கேட்கும் விழாக்கள் உண்டு. ஆளுக்கொரு சிறு குறிப்பேடும் பென்சிலும் வேண்டும். கைப்பேசியில் தட்டச்சு செய்ய ஒரு கை போதாது. ஒரு தண்ணீர்ப் புட்டியும், மதுவில் துளித்துளியாக நீர் சேர்க்க ஒரு சிறு பிளாஸ்டிக் சொட்டுக்குழாயும், உப்பில்லாத பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ் விழாவிலேயே கொடுப்பார்கள். அடி அகன்று வாய் குறுகிய துலிப் வடிவக் கிளாஸாக அது இருக்கும். 2001இல் அறிமுகமான கிளென்கெய்ர்ன் கிளாஸ் இவ்வகையில் பரவலானது. குறுகிய வாய் மணத்தை மேலே குவிக்கிறது. கழுத்தில் தொங்கவிடும் கிளாஸ் பை கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், எழுதும்போது கை விடுபடும்.

குடிக்காமல் எடுத்துச் செல்ல 30 மில்லி அளவுள்ள மூடியிட்ட கண்ணாடிக் குப்பிகளைச் சிலர் கொண்டுவருவார்கள். வண்டி ஓட்டுபவர்களுக்காகச் சில விழாக்களே இவற்றைக் கொடுக்கின்றன, வேறு சில தடை செய்கின்றன. விதியைப் படித்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

6. அமர்வுக்கு முன்பான காலை

அமர்வுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன் முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டும். கொழுப்பும் புரதமும் அதில் இருக்கட்டும். வயிற்றில் உணவு இருந்தால் ஆல்கஹால் சிறுகுடலுக்கு இறங்குவது தாமதமாகும், ரத்தத்தில் ஏறும் உச்சமும் தாழ்வாக இருக்கும். உள்ளே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வெறும் வயிற்றோடு நுழைபவர்கள் உணவு வரிசையில் நிற்கும்போதே மூன்று மாதிரிகளை முடித்துவிடுகிறார்கள்.

அந்தச் சாப்பாட்டில் மிளகாய்க் காரம் வேண்டாம். மிளகாயின் எரிச்சலை உணரும் டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பியையே ஆல்கஹாலும் தூண்டுகிறது. ஏற்கெனவே எரியும் வாயில் முதல் மாதிரி நெருப்பாக இறங்கும். அதன் சுவை எதுவும் பிடிபடாது. புதினா மணமுள்ள பற்பசையையும் காபியையும் அமர்வுக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

வாசனைத் திரவியம் இருவருக்குமே கூடாது. உங்கள் மூக்கு உங்கள் வாசனைக்குப் பழகிவிடும் என்றாலும், அரங்கில் உங்களுக்குப் பக்கத்தில் முகர்ந்துகொண்டிருப்பவரின் கிளாஸைக் கெடுத்த பழி உங்களுக்குத்தான் வரும்.

7. உள்ளே நுழைந்த முதல் அரை மணி நேரம்

கதவு திறக்கும்போதே இருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கூட்டம் குறைவு, அரங்குகளில் இருப்பவர்கள் விரிவாகப் பேசுவார்கள், அரிய புட்டிகளும் திறந்த புதிதாக இருக்கும்.

இருந்தாலும் நுழைந்தவுடன் கிளாஸை நீட்ட வேண்டாம். ஒரு சுற்று நடந்து தண்ணீர், கழிப்பறை, உணவு, உட்காரும் இடம், துப்பும் கலம் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பிரிந்துவிட்டால் சந்திக்க ஓரிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கூடத்துக்குள் கைப்பேசித் தொடர்பு கிடைக்காமல் போகலாம். பட்டியலில் உள்ள அரங்குகளை வரைபடத்தில் எண்ணிட்டு வரிசைப்படுத்துவதும் இப்போதுதான். இருக்கும் இடத்தின் வரிசையில் எண்ணிடாமல், அடுத்த படியில் சொல்லும் சுவையின் வரிசையில் எண்ணிடுங்கள். கூடத்தின் இக்கோடிக்கும் அக்கோடிக்கும் நடக்க நேரிட்டாலும் பரவாயில்லை. நடக்கும் நேரம் மூக்குக்கு ஓய்வு.

8. எதற்குப் பின் எது

பொது விதி: மெல்லியதிலிருந்து வலியதற்கு, குறைந்த சதவீதத்திலிருந்து உயர்ந்ததற்கு, புகையில்லாததிலிருந்து புகையுள்ளதற்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கு. காரணம் ஒன்றுதான்: வலிய சுவை வாயில் தங்கி, பின்னால் வரும் மெல்லிய சுவையை மூடிவிடும்.

நடைமுறையில், வோட்கா, ஜின், மரப்பீப்பாயில் வைக்கப்படாத ரம், பிளான்கோ டெக்கிலா போன்ற நிறமற்றவற்றில் தொடங்கலாம். அவற்றை அடுத்து பீப்பாயில் முதிர்ந்த டெக்கிலா, காக்னாக், புகையில்லாத விஸ்கி, முதிர்ந்த ரம். பிறகு நீர் கலக்காத உயர் சதவீத வகைகள். அதன் பிறகு மெக்சிகோவின் கற்றாழை மதுவான மெஸ்காலும், பீட் எனப்படும் கரிம மண்ணின் புகையேறிய விஸ்கியும். உஸோ, பாஸ்டிஸ், அப்சிந்த் போன்ற சோம்பு மணமுள்ளவையும் இனிப்பு லிகர்களும் இறுதியில்தான் வர வேண்டும். சோம்பு வாய்க்குள் நுழைந்தால் அன்றைய ருசிபார்ப்பு முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த விதியை ஓரிடத்தில் மீறச் சொல்வேன். உங்கள் பட்டியலில் மிகவும் ஆசைப்பட்ட புட்டி ஒன்று வலிய வகையைச் சேர்ந்ததாக இருந்தால், அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ ருசித்துவிட்டு, அரை மணி நேர இடைவேளை எடுங்கள். விதிப்படி கடைசிவரை காத்திருந்தால் புட்டி காலியாகியிருக்கும், அல்லது உங்கள் மூக்கு களைத்திருக்கும்.

லேபிளைப் படிக்கவும் இந்த இடத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஸ்காட்ச் விஸ்கியில் எழுதியுள்ள வயது, அந்தக் கலவையில் உள்ள மிக இளைய மதுவின் வயது. காக்னாக்கில் விஎஸ் என்றால் குறைந்தது 2 ஆண்டு, விஎஸ்ஓபி 4 ஆண்டு, எக்ஸ்ஓ 2018 முதல் 10 ஆண்டு. டெக்கிலாவில் ரெபோசாடோ குறைந்தது 2 மாதமும், அன்யேஹோ 1 ஆண்டும் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். டெக்கிலாவின் வயதை விஸ்கியின் வயதோடு ஒப்பிட்டு இளக்காரமாகப் பார்ப்பவர்களைக் காண்கிறேன். வெப்பமும், டெக்கிலாவின் மூலப்பொருளான நீலக்கற்றாழையின் சொந்த மணமும் வேறு கணக்கில் இயங்குகின்றன.

9. ஒரே கிளாஸில் இருவர் ருசிக்கும் முறை

அரங்கில், இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு சிறிய மாதிரி போதும் என்று சொல்லுங்கள். ஊற்றுபவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள். புட்டி நெடுநேரம் வரும் என்பதால் அவர்களுக்கு மகிழ்ச்சிதான். மற்ற கிளாஸைத் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முகருங்கள். கிளாஸை முகவாய்க்குக் கீழே பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். ஒயினை முகர்வதுபோல மூக்கை உள்ளே நுழைத்து ஆழ இழுத்தால் ஆல்கஹால் ஆவி மூக்கைச் சுட்டு, சில நிமிடங்களுக்கு எதையும் உணரவிடாது. கிளாஸைச் சுழற்றுவதும் தேவையில்லை, அது ஆல்கஹாலைத்தான் முதலில் எழுப்பும்.

ஒருவர் முகர்ந்துவிட்டுப் பேசாமல் மற்றவரிடம் கொடுக்க வேண்டும். இருவரும் எழுதிய பிறகே பேசலாம். ஒருவர் ஆரஞ்சுத் தோல் என்று சொல்லிவிட்டால் மற்றவரின் மூக்கும் ஆரஞ்சுத் தோலையே தேடும். அவர் கண்டுபிடித்திருக்கக்கூடிய வேறொன்று தொலைந்துபோகும். இருவர் குறிப்பிலும் பொருந்தாமல் நிற்கும் சொற்களைப் பற்றிப் பேசுவதில்தான் அந்த நாளின் சுவாரசியமே இருக்கிறது.

அடுத்து அரைத் தேக்கரண்டி அளவுக்கு ஒரு மிடறு. வாயெல்லாம் படரவிட்டு, சில விநாடிகள் வைத்திருந்து, விழுங்குங்கள் அல்லது துப்புங்கள். முதல் மிடற்றை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம், எரிச்சலுக்கு வாய் பழகுவதற்காகவே அது. இரண்டாவது மிடற்றில்தான் சுவை திறக்கும். துப்புவது நாகரிகக் குறைவு என்று புதியவர்கள் கூச்சப்படுகிறார்கள். தொழிலாகவே ருசிபார்ப்பவர்கள் துப்பாமல் வேலை செய்ய முடியாது.

பிறகு இரண்டு மூன்று துளி நீர். சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃபிரீட்மன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட கணினி ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான குவாயகால் போன்ற மூலக்கூறுகள், ஆல்கஹால் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பருகே கூடுகின்றன. 59 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே மூழ்குகின்றன. எனவே 60 சதவீத மதுவுக்கு நீர் அவசியம், 40 சதவீதத்துக்குப் பெரும்பாலும் தேவையில்லை. நீர் சேர்த்தவுடன் மது சற்றே கலங்கினால் அது பழுதன்று. குளிர்வித்து வடிகட்டப்படாத மதுவில் இப்படி நிகழும், சோம்பு வகைகளில் எப்போதுமே நிகழும். பனிக்கட்டி வேண்டாம், குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும்.

புட்டியின் லேபிளைப் படமெடுத்து, குறிப்பேட்டில் வரிசை எண்ணையும் சதவீதத்தையும் எழுதி, வாங்கத் தோன்றுகிறதா என்பதை ஒற்றைச் சொல்லில் குறித்துவிட்டு நகருங்கள். ஐந்தாவது மாதிரிக்குப் பிறகு நினைவை நம்பக் கூடாது.

10. இடைவேளையும் நிறுத்தும் இடமும்

மூன்று மாதிரிகளுக்கு ஒருமுறை கூடத்தைவிட்டு வெளியே, அல்லது கதவருகே, கால் மணி நேரம் உட்காருங்கள். தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் வாயைச் சுத்தமாக்கும். மூக்கை மீட்க எளிய வழி உங்கள் சட்டைக் கையையே முகர்வது. மூக்கு ஏற்கெனவே பழகிய மணம் அது.

இடைவேளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. குடித்தது ரத்தத்தில் உச்சத்தை எட்ட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். இப்போது தெளிவாக இருப்பதாகத் தோன்றுவது, ஒரு மணி நேரத்துக்கு முந்தைய கணக்குதான்.

அமர்வு முடிய முக்கால் மணி நேரம் இருக்கும்போது ருசிப்பதை நிறுத்திவிடுங்கள். மீதமுள்ளதைக் குடித்துவிட்டுப் போகச் சொல்லி அரங்குகளில் தாராளமாக ஊற்றும் நேரம் அது. பெரும்பாலான இணையரின் இரவு கெடுவது அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான்.

11. புட்டி வாங்குதல்

விழாக் கடையில் வாங்க வேண்டுமென்றால், நடுப்பகுதி இடைவேளையில், குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்குங்கள். இருவர் குறிப்பிலும் வாங்கலாம் என்று இருப்பதை மட்டும் எடுப்பது நல்ல விதி. வெளியே எங்கும் கிடைக்கும் புட்டியைச் சுமந்து திரும்புவதில் பொருளில்லை. விழாவுக்கென்று நிரப்பப்பட்டதும், சிறு வடிசாலைகளின் நேரடி விற்பனையும்தான் சுமக்கத் தகுந்தவை.

12. சனிக்கிழமை இரவு

கூடத்திலிருந்து நேராக அறைக்குப் போய்ப் புட்டிகளையும் குறிப்பேட்டையும் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, பிறகு உணவுக்குச் செல்லுங்கள். உணவகத்தில் மேசையை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும், விழாவிலிருந்து வெளியேறும் அத்தனை பேரும் பசியோடு அதே தெருக்களில்தான் அலைவார்கள். உணவோடு மது வேண்டாம். பன்னிரண்டு மாதிரிகளைக் கவனமாகக் கணக்கிட்டுக் குடித்துவிட்டு, இரவு உணவில் ஒரு புட்டி ஒயினைத் திறந்து அத்தனை கணக்கையும் அழித்துவிடுகிறார்கள்.

ஆல்கஹால் விரைவாகத் தூங்கவைத்தாலும் இரவின் பின்பாதித் தூக்கத்தைக் குலைக்கும். சீக்கிரம் படுத்துவிடுங்கள், தலைமாட்டில் தண்ணீர் இருக்கட்டும்.

13. ஞாயிறும் திரும்பும் வழியும்

காலையை நகரத்துக்குக் கொடுங்கள், ஆனால் முற்பகலுக்கு நேரம் குறித்த சீட்டு எதையும் வாங்கி வைக்க வேண்டாம். நடந்து பார்க்கும் இடங்களே ஏற்றவை.

விமானத்தில் திரும்புபவர்கள் புட்டிகளுக்கான விதியை அறிந்திருக்க வேண்டும். 24 சதவீதத்துக்கு மேல் 70 சதவீதம் வரையுள்ள மதுவை, கடையில் விற்கும் மூடிய புட்டியில், ஆளுக்கு 5 லிட்டர் வரை சரக்குப் பையில் வைக்கலாம். 70 சதவீதத்தைத் தாண்டியதைக் கைப்பையிலும் சரக்குப் பையிலும் ஏற்ற முடியாது. அப்சிந்த் வாங்குபவர்களும் மிக உயர்ந்த சதவீத ரம் வாங்குபவர்களும் லேபிளை இருமுறை பாருங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்துக்குப் பல விமான நிலையங்களில் இன்னும் தடை இருக்கிறது. நீங்களே நிரப்பிய குப்பிகள் கடைப் புட்டிகளாகக் கருதப்படா. 24 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவை அப்படி எடுத்துச் செல்வதற்கு முன் விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். எல்லை கடக்கும்போது சுங்க வரியின்றி எவ்வளவு கொண்டுவரலாம் என்பது விமான விதியிலிருந்து வேறானது, பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அதைக் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

புட்டியை முதலில் பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, பிறகு துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில், எந்தப் பக்கச் சுவரையும் தொடாதபடி வையுங்கள். துணியில் மட்டும் சுற்றினால் உடைவதைத் தடுக்கலாம், உடைந்த பிறகு ஒழுகுவதைத் தடுக்க முடியாது.

வீட்டில் புட்டிகளை நிற்கவைத்தே சேமிக்க வேண்டும். ஒயினைப் போலப் படுக்கவைத்தால் வலிய ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். குப்பிகளில் கொண்டுவந்ததை வெயில் படாத இடத்தில் வைத்து, சில வாரங்களுக்குள், சாதாரண ஒரு நாளில், விழாக் குறிப்பைப் பார்க்காமல் இருவரும் மறுபடி ருசித்து எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். கூட்டத்துக்கு நடுவே, எட்டாவது மாதிரியாக ருசித்து எழுதிய மதிப்பீடு பல நேரம் மாறிவிடும். அடுத்த விழாவுக்கான பட்டியலை அந்த இரண்டாவது குறிப்பிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.